வளர்ந்தால் அவிழ்த்துவிடலாம்

ஒக்டோபர் 14, திங்கள்

ஹென்செல் ரீச்சர் இன்று தகரப்பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். எண்பத்தைந்து வயது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். ஒருநாள் வாய் தவறி "ரீச்சர்" என்று கூப்பிட்டுவிட்டேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்படியே கூப்பிடச் சொல்லிவிட்டார்.

எங்கள் நகர அருங்காட்சியகத்தில் அடுத்த மாதம் ஒரு கண்காட்சி. 1945இல் இந்த ஊரின் கடைசிப் போர் வாரம். போரில் இறந்தவர்களை ஜெர்மன்காரர் நினைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் திறப்பு. அங்கே என் வேலை துணி. பழைய துணியைச் சுத்தம் செய்வது, கிழிசலைத் தாங்கி நிறுத்துவது, அதை யார் எப்படி உடுத்தினார் என்று வாசிப்பது. வேறு எதையும் எனக்கு ஒழுங்காக வாசிக்கத் தெரியாது என்று என்னை விட்டுப் போன மனுசன் சொல்லுவான்.

பெட்டிக்குள் ரீச்சரின் அப்பா கப்டன் குர்ட் ஹென்செலின் பொருட்கள். அதிகாரிச் சட்டை, தொப்பி, இடுப்புப் பட்டி, சப்பாத்து, தோல் கையுறை. அடியில் வெள்ளைத் தாளில் சுற்றிய இன்னொரு பழைய சட்டை. இந்த ஊரை ஒரு வெடியும் வெடிக்காமல் அமெரிக்கரிடம் ஒப்படைத்தவர் கப்டன் என்பது ஊர்க்கதை. அவர் பெயரில் ஒரு ஒழுங்கைகூட இருக்கிறது, ஒடுக்கமான தெரு.

"சட்டையை நடுவில் வையுங்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரியவேண்டும். அந்தக் கடைசி வாரத்தில் அப்பா உண்மையிலேயே என்ன செய்தார்? கேட்கக்கூடியவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள். சட்டைதான் மிச்சம்" என்றார்.

"துணி நல்ல வார்த்தை சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள் ரீச்சர்."

"நான் கணக்குப் படிப்பித்தவள். விடை பிடிக்கவில்லை என்று யாரும் அழித்துவிட முடியாது."

எல்லோரும் முதல்நாள் இப்படித்தான் சொல்கிறார்கள்.

ஒக்டோபர் 16, புதன்

பூச்சி முட்டை இருக்கிறது. எல்லாவற்றையும் உறைகுளிர்ப் பெட்டியில் போட்டாயிற்று. இரண்டு கிழமை தொட முடியாது. ரீச்சர் நாளுக்கு ஒருதரம் தொலைபேசியில் நச்சரிக்கிறார்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

கார்த்திகை வருகிறது என்றால் எங்கள் வீட்டில் காய்ச்சல். நவம்பர் இருபத்தேழாம் திகதி, இயக்கத்தில் இறந்தவர்களை நினைக்கும் மாவீரர் நாள். மண்டபத்தில் அண்ணா மேடையில் பேசுவார், மாவீரரின் தந்தை என்று. இந்த வருடம் அண்ணியும் வந்து பக்கத்தில் நின்று விளக்கேற்றவேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் ஒரே பிடியாக நிற்கிறார்கள்.

"நீதான் அவளோட கதைக்கோணும்" என்றார் அண்ணா.

"நான் கதைச்சாக் கேட்டிடுவாவோ?"

"தாய் வராட்டி சனம் என்ன நினைக்கும்? ஒவ்வொரு வருசமும் சுகமில்லை சுகமில்லையெண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

அண்ணி அண்ணாவோடு பேசுவதில்லை. வன்னியிலிருந்து தப்பி இவர்கள் என்னிடம் வந்த நாளிலிருந்து நான் பார்க்கிறேன். ஒரே வீடு, ஒரே குசினி. "அவருக்குத் தேத்தண்ணி வைச்சிருக்கெண்டு சொல்லும்" என்பார், அவர் இரண்டடி தள்ளி இருக்கும்போதே. நான் தபால்காரி. எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் தாய்க்கு மட்டுமா? தகப்பனுக்கு இல்லையா?

என்னைத் தொண்ணூறாம் ஆண்டில் கட்டித் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டுபோய் விமானத்தில் ஏற்றிவிட்டவர் அண்ணா. இல்லாவிட்டால் நான் இன்று எந்த மண்ணுக்குள்ளோ. அதனால் இந்த வீட்டில் அவர் உட்காரும் கதிரையைக்கூட யாரும் நகர்த்துவதில்லை. தொலைக்காட்சிக்கு மேலே அவர்களின் பிள்ளை நிரோசனின் படம். அதற்கு நேரே கதிரை. படத்தின் கீழே 2009, வயது பதினேழு என்று எழுதியிருக்கிறது. அவன் இயக்கத்துக்குத் தானாகத்தான் போனான். அண்ணா அப்போதே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அவன் பிறந்தது எனக்கு நல்ல ஞாபகம், தொண்ணூற்று நாலு மாசி. இங்கே எனக்குக் கடைசிப் பரீட்சை. சந்தோசத்தில் ஒரு பாடத்தைக் கோட்டை விட்டேன்.

இன்று அண்ணியிடம் ஊசி கேட்டேன். தன் ஊசிநூல் பையைத் திறந்து ஒன்றை மட்டும் எடுத்து நீட்டினார். பை கைக்கு வரவில்லை. பூப்போட்ட பழந்துணிப் பை, தலையணை மாதிரித் தடித்துக் கிடக்கிறது. புதிதாக ஒன்று தைத்துத் தருகிறேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதை விடமாட்டார்.

ஒக்டோபர் 30, புதன்

அதிகாரிச் சட்டையை இன்று விரித்தேன். நல்ல கம்பளி, தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்தது. முழங்கைகள் இரண்டும் மினுங்குகின்றன. மேசையில் ஊன்றி எழுதிய கை. சேறு ஏறிய தடமே இல்லை. வலது மார்பிலிருந்த நாசிக் கழுகுச் சின்னத்தை எடுத்திருக்கிறார்கள். பிடுங்கி எறியவில்லை, கூரான அலகால் ஒவ்வொரு தையலாக அறுத்திருக்கிறார்கள். அவசரமே இல்லாமல் தோற்றுப்போவதற்கு ஆயத்தம் செய்த மனிதர்.

ரீச்சருக்கு இது பிடித்தது. "அவர் எப்போதும் நிதானம்தான்" என்றார். கடைசி மாதங்களில் ஊரிலுள்ள கிழவர்களையும் பையன்களையும் மக்கள் படைக்குத் திரட்டும் பொறுப்பு கப்டனுக்கு இருந்தது. அது ஊருக்கே தெரியும். ஆனால் கடைசியில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்பதும் ஊருக்குத் தெரியும்.

"உங்கள் அம்மா என்ன சொல்வார்?" என்று கேட்டேன்.

"அம்மா அப்பாவோடு பேசமாட்டார். போருக்குப் பிறகு அப்பா சாகும்வரை ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். 'அப்பாவிடம் உப்பைக் கொடு' என்று என்னிடம் சொல்வார். அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார். அம்மாவுக்கு நரம்புத்தளர்ச்சி என்று எல்லோரும் சொன்னார்கள்."

நான் எழுந்துபோய் தூரிகைகளைக் கழுவினேன். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

நவம்பர் 4, திங்கள்

வெள்ளைத் தாளில் சுற்றியிருந்த சட்டை. பிரித்தவுடனே ரீச்சரின் முகம் சிறுபிள்ளை முகமாகிவிட்டது.

"இது டீட்டரின் திடப்படுத்தல் சட்டை!"

டீட்டர் அவருடைய அண்ணன். இங்கே புரட்டஸ்தாந்துப் பிள்ளைகள் பதினான்கு வயதில் தேவாலயத்தில் போய் உறுதிமொழி எடுப்பார்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய வாரம், புதுக் கோட்டு, விருந்து, எல்லாம் உண்டு. போரின் கடைசி வருடத்தில் துணி எங்கே கிடைக்கும்? தகப்பன்மாரின் பழைய சீருடையை வெட்டி, கறுப்புச் சாயம் போட்டுப் பிள்ளைக்குத் தைப்பார்களாம்.

"எனக்கு அப்போது ஐந்து வயது. அம்மா டீட்டரைக் குசினி மேசைக்கு மேலே ஏற்றி நிறுத்திவிட்டு ஊசி குத்தினார். குண்டூசி டப்பா என் கையில். அசையாதே அசையாதே என்று அம்மா அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். சாயம் போட நேரம் கிடைக்கவில்லை. ரயில் நிலையத்தில் குண்டு விழுந்தது. அவன் அங்கே நின்றிருந்தான்."

உண்மையில் மிக நல்ல தையல். கப்டன் அதிகாரியாக வருமுன்னர் போட்ட சாதாரணச் சிப்பாய்ச் சட்டையைப் பையனின் உடம்புக்குக் குறுக்கியிருக்கிறாள் தாய். ஆனால் கத்தரிக்கோலே படவில்லை. விலாப்பக்கம் முழுவதும் உள்ளே பிடித்துத் தைத்திருக்கிறாள். கைகள் நான்கு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்து, மேலோட்டமாக ஓட்டிய தையல். ஒரு நூலை இழுத்தால் முழுக்கை வந்துவிடும்.

"வளர்ந்தால் அவிழ்த்துவிடலாம் என்று வைத்திருக்கிறார்" என்றேன்.

ரீச்சர் அழுதுவிட்டார். நல்ல அழுகைதான். எனக்கும் சந்தோசமாக இருந்தது. எங்கள் ஊரிலும் பள்ளிக்கூடக் காற்சட்டைக்கு இப்படித்தான் செய்வார்கள். கீழே அவிழ்த்த இடத்தில் புதுநிறமாக ஒரு கோடு தெரியும்.

நவம்பர் 6, புதன்

சந்தோசப்பட்டது போதும்.

உருப்பெருக்கியால் மறுபடி பார்த்தேன். சிப்பாய்ச் சட்டையின் இடுப்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே கொக்கி வெளியே வந்து, தோட்டாப் பை தொங்கும் கனமான இடுப்புப் பட்டியைத் தாங்கும். இந்தச் சட்டையில் பழைய துளைகளுக்கு மேலே புதுத் துளைகள். பையனின் இடுப்பு எங்கே வருமோ அங்கே. சுற்றிவரக் கையால் தைத்தது, அதே நூல், அதே கை. தேவாலயத்துக்குப் போகிற பிள்ளைக்குத் தோட்டாப் பை எதற்கு?

இடது கையைச் சுற்றி ஊசித்துளைகள், இரண்டு வரிசை. அங்கே ஒரு துணிப்பட்டி தைத்திருந்து பிறகு எடுத்திருக்கிறார்கள். மக்கள் படைக்காரர் கட்டுகிற பட்டி அந்த அகலம்தான்.

முதுகில், இடது தோளுக்குக் கீழே, பூச்சி அரித்ததை இழையோட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பூச்சி மேல்துணியையும் உள்துணியையும் ஒரே இடத்தில் ஒரே வட்டமாக அரிக்காது. தோட்டாதான் அப்படித் துளைக்கும். சுற்றிலும் கழுவிக் கழுவி வெளுத்திருக்கிறது. பையனைக் கிடத்திய பிறகு, சட்டையைக் கழுவி, ஓட்டையை நூலால் பின்னி மூடி, மடித்து வைத்திருக்கிறாள். இனி யாருமே போடப்போகாத சட்டை. ஆனாலும் கைமடிப்பை அவிழ்க்கவில்லை.

ரீச்சருக்கு இன்னும் சொல்லவில்லை. இரண்டுதரம் தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 9, சனி

கடைக்குப் போய் வந்தேன். கத்தரிக்காய் என்று ஒன்று விற்கிறான், பஞ்சு. அண்ணியின் ஊசிநூல் பை ஓரத்தில் தையல் விட்டுக் கிடந்தது. தைத்து வைப்போம் என்று எடுத்தேன். ஓடிவந்து கையிலிருந்து பறித்தார். நகம் கீறிவிட்டது.

"அதைத் தொடாதையும்!"

"பழந்துணிக்கு இவ்வளவு கோபமோ அண்ணி?"

அறைக்குள் போய்விட்டார். அண்ணா தொலைக்காட்சியைப் பார்த்தபடி, "அவளுக்கு நரம்பு சரியில்லை" என்றார்.

நவம்பர் 12, செவ்வாய்

ரீச்சருக்குச் சொன்னேன். துளைகளையும் பட்டித் தடத்தையும் காட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தானே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் பார்த்தார். தோட்டா பட்ட ஓட்டை ஒன்றும் இருக்கிறது என்றேன்.

"நெஞ்சிலா?"

"முதுகில், ரீச்சர்."

சட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னார்.

"அப்படியென்றால் ஓடியிருக்கிறான். நல்லது. ஓடவாவது நினைத்திருக்கிறான்."

பிறகு கையுறை போடாத விரலால் கைமடிப்பைத் தடவினார். தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை.

"ரயில் நிலையமும் இல்லை, குண்டும் இல்லை. அந்த டப்பாவை நான் கையில் வைத்திருந்தேன். ஊசி ஊசியாக நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

"உங்களுக்கு ஐந்து வயது."

"தெரியும், கழிக்கத் தெரியும் எனக்கு" என்று எரிந்து விழுந்தார். அடுத்த நிமிடமே அப்பாவுக்காக வாதாடத் தொடங்கினார். "அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்? ஊரிலுள்ள மற்றவர்களின் பிள்ளைகளையெல்லாம் வாசலில் போய்க் கேட்டுவிட்டு, தன் பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்து வைத்தால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது?"

இந்த வசனத்தை நான் கேட்பது இது முதன்முறை இல்லை. முன்பு கேட்டபோது அது தமிழில் இருந்தது, அண்ணாவின் குரலில், தொலைபேசி இரைச்சலோடு.

வரும் வழியில் பால் வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

திறப்புவிழா. நடுக்கண்ணாடிப் பெட்டியில் சின்னச் சட்டை. ரீச்சரின் விருப்பப்படி இடது கையின் ஓரத்தைப் புரட்டி, உள்மடிப்புத் தெரிய நிறுத்தினேன். கப்டனின் சட்டை தகரப்பெட்டிக்குள் திரும்பிப் போய்விட்டது. ஒழுங்கைக்குப் பெயர் வைத்த நகரசபைப் பெரியவர் முகத்தைச் சுளித்தார். ரீச்சர் அவரிடம், "உனக்கு நான் வகுத்தல் சொல்லித் தந்தேன். இதையும் கொஞ்சம் நின்று பார்" என்றார். அவர் நின்று பார்த்தார்.

சட்டைக்குக் கீழே ஒரே ஒரு வரி, ரீச்சர் எழுதியது: டீட்டர் ஹென்செல், பதினான்கு வயது, அப்பா கூப்பிட்டார், அம்மா தைத்தார், நான் ஊசி கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணா கூட்டத்துக்குப் போயிருந்தார். குசினியில் அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என் வேலையைப் பற்றி நான் அவரிடம் எதுவுமே சொன்னதில்லை. இன்று ஏனோ சொன்னேன். சட்டை, கைமடிப்பு, இழையோட்டிய ஓட்டை, எல்லாம். அண்ணி உரிப்பதை நிறுத்தவில்லை.

"நாலு விரல் அகலத்துக்கோ விட்டிருக்கிறா?"

"ஓம் அண்ணி."

"அந்த மனிசிக்கு மடிக்க நேரம் இருந்திருக்கு."

கையைக் கழுவிவிட்டுப் போய், ஊசிநூல் பையைக் கொண்டுவந்தார். விட்டுக் கிடந்த ஓரத்தை விரலால் கிழித்தார். பூத்துணிக்கு உள்ளே பச்சை வரித்துணி. இயக்கச் சீருடைத் துணி. இரண்டு வளையங்கள், கீழோர மடிப்பு அப்படியே இருக்கிறது. காற்சட்டைக் கால்களின் அடிப்பாகம். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. பாய்மாதிரிச் சுருட்டி உள்ளே வைத்து மூடியிருக்கிறார்.

முப்பது வருடமாகத் துணி வாசிக்கிறேன் என்று சம்பளம் வாங்குகிறேன். இந்தப் பை என் குசினி மேசையில் கிடந்தது.

"ஆர் அண்ணி கொண்டுபோனது அவனை?" என்று கேட்டேன். பதில் தெரிந்த கேள்வி.

"ஆரும் வரேல்லை. உம்மட அண்ணைதான் உடுப்பைக் கொண்டுவந்து தந்தவர். போட்டுப் பார்த்தால் கால் நிலத்தில இழுபடுது. நான் மடிச்சுத் தைக்கிறன், வளர்ந்தால் அவிழ்த்துவிடலாம் எண்டன். வாகனம் வாசல்ல நிக்குது, வெட்டும் எண்டார். வெட்டினன்."

"தானாப் போனவன் எண்டு..."

"பதினைஞ்சு, சுகிர்தா. கட்டிலுக்குக் கீழ போய் ஒளிச்சவன்."

தொண்ணூற்று நாலிலிருந்து இரண்டாயிரத்து ஒன்பது எத்தனை என்று எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை. கழிக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஆமியின்ர முகாமில சோதனை செய்யேக்கை உதைப் பிடிச்சிருந்தால்?"

"சுட்டிருப்பாங்கள்" என்றார் அண்ணி, வெங்காயத்தைத் திரும்ப எடுத்தபடி.

நவம்பர் 20, புதன்

அண்ணா கேட்டார், கதைத்தாயா என்று. இல்லை என்றேன்.

நவம்பர் 27, புதன்

பின்னேரம். அண்ணா வெள்ளை வேட்டி, சிவப்பு மஞ்சள் சால்வையோடு கதிரையில் தயாராக இருந்தார். வாகனம் வருமட்டும் காத்திருந்தார்.

"கடைசியா ஒருக்காக் கேட்டுப் பார், வாறாளோ எண்டு."

கேட்கத் தேவையிருக்கவில்லை. அண்ணி தானே வந்தார். இரண்டு துணி வளையங்களையும் அவருடைய மடியில் வைத்தார். அண்ணா எடுத்துப் பார்த்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"எங்கட துணியெல்லோ! உது எங்கால? இவ்வளவு காலமும் சொல்லேல்லை. மண்டபத்தில நினைவுப்பொருள் மேசை போட்டிருக்கினம். அதில வைக்கலாம்."

அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை.

"அது பிள்ளையின்ர காற்சட்டையில மிஞ்சினது" என்றார் அண்ணி. அவரைப் பார்த்து, அவருக்கே. "நீங்கள் வெட்டச் சொன்னது."

அண்ணா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். தபால்காரியிடமிருந்து ஏதாவது வரும் என்று நினைத்திருப்பார். வெளியே வாகனம் ஹோர்ன் அடித்தது. துணியைப் பக்குவமாகக் கதிரைக் கையில் வைத்துவிட்டு, சால்வையைச் சரிசெய்துகொண்டு போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

நவம்பர் 28, வியாழன்

மண்டபத்துக்குப் போனவர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். அண்ணா நன்றாகப் பேசினாராம். சனம் அழுததாம். பதினேழு வயதுப் பாலகன் குண்டை நெஞ்சிலே தாங்கினான் என்றாராம்.

அண்ணி பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "எனக்குக் கண் வடிவாத் தெரியேல்லை. நீர் தைச்சுத் தாரும். வரித்துணியை வெளியில விடும். பூத்துணி உள்ளுக்குப் போகட்டும்."

தைத்துக் கொடுத்தேன். ஒரு இடத்திலும் வெட்டவில்லை. வாங்கிக்கொண்டுபோய் நிரோசனின் படத்துக்குக் கீழே, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தார். ஊசி தேவையென்றால் இனி அங்கேதான் எடுக்கவேண்டுமாம்.

டிசம்பர் 2, திங்கள்

வேலையால் வந்து பார்த்தால் அண்ணா கதிரையை யன்னல் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, வாகனத் தரிப்பிடம்தான். அவர் குளிக்கப் போனபோது நான் அதைப் பழையபடி படத்துக்கு நேரே திருப்பி வைத்தேன்.